ஒற்றைக்கண் சேவல்

நெலிதாவுக்கு வேலை கொடுக்க லிமா நகரமே தயாராகத்தான் இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அவள் ஏற்கெனவே வேலை பார்த்திருக்க வேண்டும்.

"புதிதாகத் தொழிலுக்கு வரும் டிசைனர் தேவை, குறைந்தது இரண்டு வருட அனுபவம்" என்றது ஒரு விளம்பரம். "இளையவர், துடிப்பானவர், இரண்டு வருடம்" என்றது இன்னொன்று. சம்பளம் கிடையாது என்று வெட்கமில்லாமல் சொன்ன விளம்பரமும் உண்டு. அந்தச் சம்பளமில்லாத வேலைக்கும் ஒரு வருட அனுபவம் கேட்டார்கள்.

"கல்யாணம் பண்ணிக்கணும்னா முதல்ல ரெண்டு பிள்ளை பெத்துட்டு வான்னு சொல்ற மாதிரி இருக்குடி," என்றாள் அக்கா எடில்மா.

எடில்மா நகரின் வடக்கே கோமாஸ் பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். அங்கே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. ஒரு வெள்ளைக் கோட்டும் இருந்தது. ஜூலைக் கடைசியில் வரும் பெரு நாட்டுச் சுதந்திரத் திருநாள் வரைக்கும் தேடிப் பார், அதற்குள் கிடைக்காவிட்டால் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நில் என்பது அக்கா தங்கைக்குள் பேச்சு. எடில்மா கொடுமைக்காரி இல்லை. தங்கச்சி இளைத்தவள் என்று கோட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, தேய்த்து, வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியும் வைத்திருந்தாள். அந்த அக்கறைதான் நெலிதாவைப் பயமுறுத்தியது.

அவள் ஒன்றும் ஆகாயத்தைக் கேட்கவில்லை. தான் வரைந்த ஒன்று ஏதாவது ஒரு தெருவில் தொங்க வேண்டும். அதை அண்ணாந்து பார்த்து யாராவது ஒருத்தர் கடைக்குள் நுழைய வேண்டும். மூன்று வருடம் படித்தது அதற்குத்தான்.

படித்த இடத்தில் ஆசிரியர் சொல்லியிருந்தார்: "வாடிக்கையாளர் இல்லையா? ஒருத்தரை நீங்களே உண்டாக்கிக்கங்க. வரையிறதுதானே முக்கியம்." நெலிதா உண்டாக்கினாள். கரியடுப்பில் கோழி சுற்றிச் சுற்றி வேகும் கடை ஒன்று, பெயர் 'ஒற்றைக்கண் சேவல்', இடம் லிமாவின் பிரேன்யா பேட்டை. சண்டையில் ஒரு கண்ணை இழந்தும் தலை தாழ்த்தாத சேவல் ஒன்றை நாலே கோட்டில் போட்டாள். உணவு அட்டை, கோழி கட்டிக் கொடுக்கும் பெட்டி, மிளகாய்ச் சாந்துப் பொட்டலம் என்று எல்லாவற்றிலும் அந்தச் சேவல் ஒரு கண்ணால் உலகத்தை முறைத்தது. அதோடு இல்லாத ஒரு ரொட்டிக்கடை, இல்லாத ஒரு செருப்புக் கம்பெனி. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்தாள். மனச்சாட்சி உள்ள பெண் என்பதால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இது கற்பனைப் பணி' என்றும் அச்சிட்டிருந்தாள். ஆனால் பக்கத்தில் காற்றோட்டம் வேண்டும், எழுத்து கண்ணை உறுத்தக்கூடாது என்றும் அதே ஆசிரியர் சொல்லியிருந்தாரே. அதனால் வெளிர்சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசை போலப் போட்டிருந்தாள். எறும்பைக் கூட யாராவது கவனிப்பார்கள்.

திருநாளுக்கு முந்தின வாரம் பெரோக்கால் ஸ்டுடியோவில் கூப்பிட்டார்கள். முதலாளி உலீசஸ் பெரோக்கால், எல்லாருக்கும் மரியாதையாகத் 'தோன்' உலீசஸ், கழுத்தில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, இரண்டும் இல்லாமல் பார்க்கிற மனிதர். பக்கத்தில் தலைமை டிசைனர் ஃபப்ரீஸியோ. எதிரே கணக்கு பார்க்கும் கிரிசெல்தா, ஏதோ தட்டச்சு செய்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷ அனுபவம்மா?" என்றார் தோன் உலீசஸ், பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரித் தள்ளிக்கொண்டே.

"அது வந்து, சார்..."

கை நின்றது. "அட! ஒற்றைக்கண் சேவல்!"

நெலிதா வாயை மூடினாள்.

"பிரேன்யால இருக்கே, அதானே? நான் சாப்பிட்டிருக்கேன்யா இங்க!"

லிமாக்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் தெரியாது என்று சொல்ல வைக்கலாம். வாக்குச்சாவடி தெரியாது என்பார்கள், மாமியாரின் பிறந்தநாள் தெரியாது என்பார்கள். சந்துக்குள் ஒளிந்திருக்கும் நல்ல சாப்பாட்டுக்கடை ஒன்றைத் தெரியாது என்று ஒத்துக்கொண்ட லிமாக்காரர் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. அதுவும் கோழிக்கடை என்றால் கேட்கவே வேண்டாம்.

"கோழி முன்ன மாதிரி இல்ல," என்றான் ஃபப்ரீஸியோ, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "மகன் கைக்கு வந்ததுலேர்ந்து உப்புக் கூட சரியா ஏற மாட்டேங்குது."

"கோழிய விடுங்க, அந்த மிளகாச் சாந்துக்குத்தான் போறதே!" தட்டச்சை நிறுத்திவிட்டாள் கிரிசெல்தா. "ஆனா அது பிரேன்யா இல்ல, சார். அங்கேர்ந்து மாத்திட்டாங்க."

"யார் மாத்தினா? அங்கேயேதான் இருக்கு. சர்ச் முனையில."

"ஆஸ்பத்திரிப் பக்கம் சார்," என்றான் ஃபப்ரீஸியோ.

"சார், ஒரு நிமிஷம். கீழே பாருங்க, அந்தச் சின்ன எழுத்துல..." என்று நெலிதா விரலை வைத்துக் காட்டினாள்.

தோன் உலீசஸ் விரல் காட்டிய இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பாத்தேன், பாத்தேன். எவ்வளவு அடக்கமா வச்சிருக்க! ஃபப்ரீஸியோ, இதைப் பாத்துக் கத்துக்க. நீ வச்சா ஆனை காது அளவுக்கு வைப்ப." பிறகு நெற்றிக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே மனக்கணக்குப் போட்டார். "நான் அங்க சாப்பிட்டது எப்போ? எங்க அண்ணன் சிலியிலேர்ந்து வந்திருந்தப்போ. அப்ப ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பவே பெட்டியில இந்தச் சேவல் இருந்துச்சு. ஆக, உனக்கு ரெண்டு வருஷ அனுபவம். அதை ஏம்மா சொல்லக் கூச்சப்படுற?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் நெலிதா வகுப்பில் உட்கார்ந்து கோட்டை நேராகப் போடப் பழகிக்கொண்டிருந்தாள். ஆனாலும் இத்தனை நாள் நகரமெல்லாம் தேடிக் கிடைக்காத அந்த இரண்டு வருடத்தை ஒருத்தர் தட்டில் வைத்து நீட்டும்போது, வேண்டாம் என்று தள்ளுகிற பலம் அவளுக்கு இல்லை.

"திங்கக்கிழமை வந்துடு," என்றார் அவர். "மூணு மாசம் பார்ப்போம். பிடிச்சுதுன்னா ஒப்பந்தம்."

"முதல் சம்பளத்துல தரைவரி கட்டணும், தெரியும்ல?" என்றாள் கிரிசெல்தா. வேலைக்குப் புதிதாக வந்தவர், மிதிக்கிற தரைக்கு வரியாக, எல்லாருக்கும் ஒரு நாள் சாப்பாடு போட வேண்டும். எந்த ஆபீசிலும் இதற்கு விலக்குக் கிடையாது. "எங்க போறதுன்னு கூட யோசிக்க வேணாம். ஒற்றைக்கண் சேவல்தான்!"

ஆபீசில் இருந்த ஏழு பேரும் கைதட்டினார்கள். நெலிதாவும் தட்டினாள்.

அன்று வீட்டில் எடில்மா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சொல்லிடுடி. நாளைக்கே சொல்லிடு. ஊர்ல இல்லாத கடைக்கு ஏழு பேரைக் கூட்டிட்டுப் போய் எங்க உக்கார வைப்ப?"

"சொல்லப் போனேன், அக்கா. கேக்க மாட்டேங்குறாங்க."

"கேக்குற மாதிரி சொல்லு."

"சொன்னா வேலை போயிடும்."

எடில்மா கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த மாதம் நெலிதா மாடாக உழைத்தாள். பல்மருத்துவருக்கு அட்டை, திராட்சை ஏற்றுமதி செய்கிறவருக்கு லேபிள். ஃபப்ரீஸியோ வாய்க்கொழுப்பு உள்ளவனே தவிர தொழில் தெரிந்தவன். அவன் திட்டத் திட்ட அவள் கை தேறியது. ஒவ்வொரு வாரமும் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். ஒவ்வொரு வாரமும் யாராவது முந்திக்கொண்டார்கள். திராட்சைக்காரர் வந்திருந்தபோது தோன் உலீசஸ் அவள் தோளைத் தட்டி, "ஒற்றைக்கண் சேவல் பண்ணின பொண்ணு!" என்று அறிமுகப்படுத்தினார். திராட்சைக்காரர் நெஞ்சில் கைவைத்து, "நான் வாராவாரம் போவேனே!" என்றார். அவர் இருப்பதோ தெற்கே, ஐந்து மணி நேரப் பயணத்தில்.

சம்பள வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் எல்லாரும் சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்கள். வழி கேட்பார்கள், என்ன சொல்வது என்று நெலிதா தவித்த தவிப்புக்குத் தேவையே இருக்கவில்லை. யாரும் அவளிடம் வழி கேட்கவில்லை.

"என் பின்னாடி வாங்க," என்றார் தோன் உலீசஸ்.

சர்ச் முனையில் சேவல் இல்லை. ஒரு வங்கி இருந்தது. "நான்தான் சொன்னேனே," என்று ஃபப்ரீஸியோ முன்னால் போனான். ஆஸ்பத்திரிப் பக்கம் பூக்கடைகளும் சவப்பெட்டிக் கடையும்தான் இருந்தன. பசியில் சண்டை மூண்டது. கிரிசெல்தாவுக்குப் பொறுமை போய், நடைபாதையில் சாவி ராவிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டாள்: "ஐயா, ஒற்றைக்கண் சேவல் எங்க இருக்கு?"

அவர் அரத்தைக் கீழே வைத்தார். அவரும் லிமாக்காரர்தானே. "நேராப் போயி வலது பக்கம் திரும்புங்க, அம்மா... அட, வெள்ளிக்கிழமை வேறயா? கூட்டம் பிச்சிக்கும். சீக்கிரம் போங்க."

போனார்கள். வலது பக்கத்தில் உண்மையாகவே ஒரு கோழிக்கடை இருந்தது. மேலே நீல எழுத்தில் 'எவுஃபேமியா கோழி' என்று ஒரு போர்டு. பக்கத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய, வெயிலில் பச்சையாகிப்போன ஒரு கோழியின் படம்.

"இதேதான்!" என்றார் தோன் உலீசஸ். "பாவிங்க, போர்டை மாத்திட்டாங்க."

உட்கார்ந்தார்கள். கோழி வந்தது, உருளைக்கிழங்கு வறுவல் வந்தது, ஊதாச் சோளப் பானகம் குடத்தில் வந்தது. கொண்டுவந்து வைத்தவள் கடைக்காரி தோன்யா எவுஃபேமியாவேதான். அறுபதைத் தாண்டிய, முழங்கை வரைக்கும் கரி படிந்த பெண்மணி.

"ஏங்க, அந்தச் சேவலை ஏன் எடுத்தீங்க?" என்று தோன் உலீசஸ் அவளைக் கண்டித்தார். "எவ்வளவு அழகான சேவல்!"

தோன்யா எவுஃபேமியா எட்டு பேரையும் எண்ணினாள். எட்டு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையை மறுத்துப் பேசுகிற வியாபாரி உண்டா? "என்ன பண்றது சார், எல்லாம் காலம்," என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

இதற்கு மேல் தாங்கவில்லை நெலிதாவுக்கு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"சார். எல்லாரும் கேளுங்க. ஒற்றைக்கண் சேவல்னு ஒரு கடையே இல்ல. எப்பவும் இருந்ததில்ல. வேலை கிடைக்கலைன்னு நானா உக்காந்து வரைஞ்சது. எனக்கு ரெண்டு வருஷ அனுபவமும் கிடையாது. ரெண்டு நாள் கூடக் கிடையாது. மன்னிச்சிடுங்க."

யாரோ எலும்பைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.

கிரிசெல்தாதான் முதலில் அவள் கையைப் பிடித்தாள். "பாவம்டி நீ. உன் முதல் கடை. மூடிட்டாங்கன்னா யாருக்குத்தான் மனசு தாங்கும்?"

"மூடிடுவாங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன்," என்றான் ஃபப்ரீஸியோ. "மகன் கைக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்."

"இல்லைங்க, நான் சொல்றது..."

"உக்காரும்மா," என்றார் தோன் உலீசஸ், கனிந்துபோய். "இருந்ததே இல்லன்னு நினைச்சுக்கிட்டா மனசு கொஞ்சம் ஆறும். எனக்குப் புரியுது." அவர் பானகக் கோப்பையை உயர்த்தினார். "ஒற்றைக்கண் சேவலுக்கு!"

எட்டுக் கோப்பைகள் மோதின. இருந்திராத ஒரு கடைக்காக ஃபப்ரீஸியோவின் கண் கூடக் கலங்கியது.

அந்தக் கடையில் அவளை நம்பியது ஒரே ஒரு ஆள்தான். நெலிதா கை கழுவப் போனபோது தோன்யா எவுஃபேமியா துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"புள்ள. நெசமாவே இல்லாத கடையா அது?"

"ஆமாங்க."

"இல்லாத கடைக்கே இப்படி நாக்கைச் சப்புக் கொட்டுதுங்களே. இருக்குற கடைக்கு நீ வரைஞ்சா என்ன ஆகும்? எனக்கு ஒண்ணு போடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெலிதா சேவலைத் தூக்கிக்கொண்டு போனாள். தோன்யா எவுஃபேமியா அதைத் தள்ளி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள்.

"இன்னொரு கண்ணு எங்க?"

"அதாங்க அதோட அழகே."

"நோய்க்கோழி விக்கிறேன்னு சுகாதாரத்துலேர்ந்து வந்து நிப்பாங்க. ரெண்டு கண்ணையும் வை. அப்புறம் இங்க இவ்வளவு எடம் ஏன் சும்மா கெடக்கு?"

"காற்றோட்டமா இருக்கட்டும்னு..."

"செவுத்துக்கு வாடகை குடுக்குறவ நான். காத்துக்கு நான் ஏன் வாடகை குடுக்கணும்? போன் நம்பரைப் போடு. பெருசா."

நெலிதா பல்லைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது அந்த அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "சேவலுக்கு ஒரு மீசை வை."

"சேவலுக்கா?"

"இந்த அடுப்பைக் கட்டினது எங்க வீட்டுக்காரர், அன்செல்மோ. போன வருஷம் போயிட்டார். போட்டோ மாட்டலாம்னா, செத்தவர் படத்தைப் பாத்துக்கிட்டு யாரு கோழி சாப்பிடுவா? மீசை மட்டும் இருக்கட்டும். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

அடுப்புப் புகையில் பழுப்பேறிய ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். அன்செல்மோவின் மீசை இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தொங்கியது. சீவுகிற கை வலது கை என்பதால் அப்படி என்றாள் மனைவி. நெலிதா படித்த எந்தப் பாடத்திலும் சேவலுக்கு மீசை வைக்கும் இடம் சொல்லித் தரப்படவில்லை. அலகுக்கு மேலே வைத்தால் பூனையானது. கீழே வைத்தால் தாடியானது. எத்தனையோ காகிதங்களைக் கசக்கிப் போட்டபின், ஒருநாள் காம்பி என்கிற சின்ன வேன் வண்டியின் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது அது சட்டென்று சரியாக வந்தது. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே தொங்க விட்டாள்.

போர்டு ஏறிய அன்று அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தாள். சந்தைப் பையோடு போன ஒரு பெரியவர் நின்றார். அண்ணாந்தார். "அட, அன்செல்மோ!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பையைத் தோளில் மாற்றிக்கொண்டு உள்ளே போனார். நெலிதா அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரோக்கால் ஸ்டுடியோவுக்கு இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. சொன்னதற்கெல்லாம் என்ன ஆனது என்று பார்த்தவள்தானே. ஆனால் ஆபீஸ் வெள்ளிக்கிழமைகளில் அங்கேயே சாப்பிடப் பழகிவிட்டது. போர்டு மாறிய மறுவாரமே, "மீசைக்குப் போலாமா?" என்றுதான் கிரிசெல்தா கூப்பிட்டாள். அந்தத் தெருவே இப்போது கடையை அப்படித்தான் கூப்பிட்டது.

மூன்று மாதம் முடிந்தது. தோன் உலீசஸ் ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, பேனாவையும் வைத்தார். "கையெழுத்துக்கு முன்னாடி, நீ வரைஞ்சதெல்லாம் வச்சிருக்குற அந்தக் கோப்பைக் குடு. வாடிக்கையாளருங்களுக்குக் காட்ட ஸ்டுடியோ கோப்போட சேக்கணும்."

இந்த முறை அதில் ஒரு புதிய பக்கம் இருந்தது. இரண்டு கண்ணும் மீசையும் உள்ள சேவல். அவர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். ரொட்டிக்கடைக்குத் தலையாட்டினார். ஒற்றைக்கண் சேவலிடம் ஒரு பெருமூச்சு விட்டார். புதிய பக்கத்தில் கை நின்றது. முகம் இருண்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நெலிதா. இது என்ன?"

"நான் பண்ணினது, சார். எவுஃபேமியா அம்மா கடைக்கு. இது நெசமாவே..."

"ஏம்மா, உன்னை எவ்வளவு நல்ல பொண்ணுன்னு நினைச்சேன்!" அவர் குரல் கோபமாக இல்லை, புண்பட்டிருந்தது. "இது மீசைக் கடையோட சேவல். வாராவாரம் அதுக்குக் கீழேதானே உக்காந்து சாப்பிடுறோம்? அடுத்தவங்க வேலையை நம்ம கோப்புல வைக்கலாமா?"

"சார், அது தொங்கி ஒரு மாசம்தான் ஆகுது."

"ஒரு மாசமா! எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போன காலத்துலேர்ந்து அந்த மீசை அங்க இருக்கு. நான் பாத்து வளர்ந்த சேவல் அது. என்கிட்டயே சொல்றியே?"

நெலிதா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தில் ஒரு சின்னப் பையனின் பசி இருந்தது. அவன் அப்பாவின் தோள் உயரம் இருந்தது. அவள் காம்பி வண்டியில் கண்டுபிடித்த சேவல் அறுபது வருடத்துக்கு முன்னாலேயே போய் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு போர்டைப் பார்த்து இதைவிட நல்ல வார்த்தை எந்த மனிதரும் சொல்லிவிட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. மறுத்துப் பேச வாய் திறந்தவள், சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததால் மூடிக்கொண்டாள்.

"தப்புதான், சார்," என்றாள். அந்தப் பக்கத்தை உருவி எடுத்தாள்.

"இனிமே இப்படிச் செய்யாத. உன்கிட்ட சொந்தச் சரக்கு இருக்கு." அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "போடு கையெழுத்து."

போட்டாள். உலகத்தில் எங்கேயும் இல்லாத கடைகள் மட்டும் மிஞ்சிய அந்தக் கோப்பைத் தோன் உலீசஸ் திருப்தியோடு மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். மேசை ஓரத்தில் உதிரியாகக் கிடந்த பக்கத்தை நெலிதா கவனமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அதை மாட்ட வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருந்தது, அதில் தொங்கும் வெள்ளைக் கோட்டைத்தான் கழற்ற வேண்டும்.